பத்து நாள் நடைப்பயணம்: இரண்டாம் நாள் காலைக்காகத் தயாராவது

நீங்கள் கேட்டதன் சாரம் இது: மூன்று மாதம் கழித்துப் பத்து நாள் நடைப்பயணம். தினமும் இருபது கிலோமீட்டர் வரை நடை, இரவில் வழியிலுள்ள தங்குமிடங்களில் படுக்கை, சாமான் எல்லாம் முதுகில். உட்கார்ந்து பார்க்கும் வேலை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, காலையில் கொஞ்சம் நடக்கும் பழக்கம் மட்டும் உண்டு. எப்படித் தயாராவது, பையில் எதையெல்லாம் வைப்பது?

தாராளமாகப் போகலாம். இருபது கிலோமீட்டரை ஒரு நாள் நடந்து முடிப்பது ஆரோக்கியமாக இருக்கும் பெரும்பாலானவர்களால் முடிகிற காரியம்தான். மறுநாள் விடிந்ததும் அதே பாதங்களை அதே ஷூவுக்குள் நுழைத்து, அதே பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளம்ப வேண்டுமே, அதுதான் கஷ்டம். முதல் நாள் சும்மா ஒரு எரிச்சலாக இருந்தது இரண்டாம் நாள் கொப்புளமாகும், மூன்றாம் நாள் நொண்ட வைக்கும். அதனால் பயிற்சியோ ஷூவோ பையோ, எதைப் பற்றி முடிவெடுத்தாலும் 'இதை நாளைக்கும் செய்ய முடியுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. மூன்று மாதம் போதும். இப்போது நடக்கும் காலை நடையை ஒரு மணி நேரமாக நீட்டி, வாரத்தில் நான்கு நாளாவது விடாமல் செய்யுங்கள். வார இறுதியில் ஒரு நீண்ட நடை வையுங்கள். எட்டு கிலோமீட்டரில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் மெல்ல மெல்ல பதினெட்டு வரை கொண்டுபோனால் சரி. மூன்றாவது மாதத்தில் தூரத்தைக் கூட்ட வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடங்கள். சனிக்கிழமை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினைந்து. பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே ஷூ, அதே சாக்ஸ், முழு எடையோடு அதே பை. ஷூ எங்கே உரசுகிறது, பை எங்கே அழுத்துகிறது, மூட்டு எப்போது முனகுகிறது என்பதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். ஊரில் இருக்கும்போதே தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓய்வு. லேசாக நடந்தால் போதும்.

பயிற்சியில் பலரும் விட்டுவிடுவது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றத்தைத்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். தசை அடிபடுவது இறங்கும்போது. ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட இப்படி நீண்டுகொண்டு வேலை செய்வதில் தசை நார்களுக்குச் சேதம் அதிகம். வலி உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாள் மலையிறங்கியவர்கள் மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் நிற்பது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை நன்றாக இறங்கிப் பழகினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்வதில்லை. பக்கத்தில் குன்று இல்லையா? உயரமான கட்டடம் ஒன்று போதும். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினால்கூட அது பயிற்சிதான். அந்த ஓய்வு வாரத்துக்கு முந்தைய ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்யுங்கள்.

ஒரு நாளின் கஷ்டத்தைக் கிலோமீட்டரை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையைப் பலர் பிரான்ஸ் எல்லைப்புறத்தில் இருக்கும் சான்-ழான்-பியே-தே-போர் என்ற ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். அதன் முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 25 கிலோமீட்டர். ஊர் இருப்பது 170 மீட்டர் உயரத்தில், பிரெனே மலையில் தாண்ட வேண்டிய கணவாய் 1,430 மீட்டரில். தூரத்துக்கு ஐந்து மணி, ஏற்றத்துக்கு இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல். ஆக ஏழு மணி நேரம், அதுவும் உட்காராமல் நடந்தால். சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது எல்லாம் சேர்ந்தால் ஒன்பது மணி நேரம். போதாக்குறைக்குக் கடைசியில் ஏறக்குறைய 500 மீட்டர் செங்குத்தான இறக்கம். எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான அந்தப் பயணத்தின் முதல் நாளே இப்படி. அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாளை இடையில் உள்ள ஒரு விடுதியில் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நீங்கள் எந்தப் பாதையில் போனாலும் இப்படி ஒவ்வொரு நாளையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் குறைவாகவும், நான்காம் அல்லது ஐந்தாம் நாள் அரை நாள் நடையாகவும் இருக்கட்டும். பத்து நாளும் ஒரே அளவாகப் பிரிப்பது தாளில் அழகாக இருக்கும், காலுக்கு ஆகாது.

இப்போது ஷூ. இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். நெடுநடையில் இன்னும் வீங்கும். நடைக்குப் போடப்போகும் சாக்ஸை மாட்டிக்கொண்டு போட்டுப் பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக வரும், வரட்டும். சாய்வான பலகை இருந்தால் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல்நுனி முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். இறக்கத்தில் மணிக்கணக்காக இடித்தால் நகம் கறுத்து, பிறகு கழன்றே விழும்.

கணுக்காலை மூடும் பூட்ஸா, சாதாரண உயரமுள்ள லேசான ஷூவா? நன்றாக அமைத்த பாதை, எட்டு கிலோவுக்குக் குறைவான பை என்றால் லேசான ஷூவைத்தான் சொல்வேன். காலில் ஏறும் ஒவ்வொரு கூடுதல் கிராமையும் நாளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் தடவை தூக்கி வைக்க வேண்டும். முதுகில் இருக்கும் எடையைவிடக் காலில் இருக்கும் எடை பல மடங்கு களைப்பைத் தரும். தண்ணீர் புகாத ஷூ வேண்டுமா என்பது பருவத்தைப் பொறுத்தது. குளிரும் ஈரப் புல்லுமாக இருந்தால் நல்லது. வெயில் காலத்தில் அதற்குள் வியர்வை தேங்கும்; மேல்பக்கமாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் லேசில் காயாது. வலைத்துணி ஷூ நனைந்தாலும் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். இரவில் ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு தடவை மாற்றிவிட்டால் காலையில் போடும்படியாக இருக்கும்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய ஷூவை எடுத்துக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றின் ஈரம் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். வெளியே பளபளவென்றிருக்கும் ஷூவின் அடிப்பாகம் சில மணி நேர நடையில் பொலபொலவென்று உதிர்ந்து, அடித்தட்டு தனியே கழன்று வருவது இதனால்தான். பல வருடம் கிடந்த ஷூ என்றால் முதலில் பக்கத்தில் நாலைந்து நீண்ட நடை போட்டுப் பார்த்துவிடுங்கள். புது ஷூவுக்கும் அதே விதிதான்: குறைந்தது எண்பது, நூறு கிலோமீட்டராவது பழகியிருக்க வேண்டும்.

கொப்புளத்துக்கு மூன்று காரணம்: உரசல், ஈரம், சூடு. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது வேண்டவே வேண்டாம். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள். விரல்களுக்கு நடுவே உரசும் பாதம் என்றால் விரல் விரலாகப் பிரித்த சாக்ஸ் உதவும். குதிகால் மேலே எழும்பி எழும்பி உரசினால், ஷூவின் கடைசித் துளையில் கயிற்றை அதே பக்கமாக ஒரு சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதனுள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் இறுகாது.

நடக்கும்போது பாதத்தில் ஓர் இடம் சுடுகிற மாதிரி, யாரோ மெல்லத் தேய்க்கிற மாதிரி தோன்றும். அதுதான் எச்சரிக்கை. 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, சிவந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, டேப் ஒட்டுங்கள். துத்தநாக ஆக்சைடு டேப் வியர்வையிலும் பிடித்துக்கொள்ளும். சதுரமாக வெட்டிய டேப்பின் மூலைகளை வட்டமாக்கிவிட்டால் சாக்ஸில் மாட்டி உரியாது. ஐந்து நிமிட வேலை, ஐந்து நாளைக் காப்பாற்றும். கூட வருகிறவர்கள் காத்திருக்க வேண்டுமே என்று கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு நீண்ட ஓய்விலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பாதத்தைக் காற்றாட விடுவதும் பெரிய உதவி. கொப்புளம் வந்தே விட்டால், சிறியதாக இருக்கும்போது தொடாமல் மூடிவிடுங்கள். பெரிதாகி, அழுத்தம் படும் இடத்தில் இருந்தால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே விட்டு, மேலே கட்டுப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாங்களே குத்தக் கூடாது. பாத விஷயத்தில் கிளம்புமுன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

பைக்கு வருவோம். தங்குமிடத்தில் படுக்கை கிடைக்கும் பயணத்துக்கு 30 முதல் 40 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் காலியிடத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்பத் தோன்றும். பையின் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை, முதுகின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். பையை மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு பெல்ட்: வயிற்றின் மேல் இல்லாமல், இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். அப்புறம் தோள் ஸ்ட்ராப், பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும். கடைசியில் மார்பு ஸ்ட்ராப், மூச்சை அடைக்காத அளவுக்கு. சரியாக மாட்டியிருந்தால் தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே எளிதாக விரல் நுழையும். எடையில் பெரும்பகுதி இடுப்பில் இருக்கும். கனமானவை முதுகை ஒட்டி நடு உயரத்தில், லேசானவை அடியிலும் வெளிப்பக்கத்திலும், மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே.

எடை எவ்வளவு? தங்குமிடப் பயணத்துக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. எழுபது கிலோ உள்ளவருக்கு ஏழு கிலோ. தண்ணீர் ஒரு லிட்டரே ஒரு கிலோ என்பதால் மீதிக்கு ஆறுதான். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்துவைத்த சின்னச் சின்னச் சாமான்கள் சேர்ந்தே ஒன்றரை கிலோவுக்குப் போயிருப்பது அந்தத் தாளில் தெரியும்.

துணியில் கணக்கு எளிது: உடம்பில் ஒரு செட், பையில் ஒரு செட், இரவுக்கு ஒரு லேசான செட். பத்து நாளுக்கும் இருபது நாளுக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் தினமும் மாலையில் துவைக்கப்போகிறீர்கள். துவைத்துப் பிழிந்த சட்டையை, சீக்கிரம் காயும் மெல்லிய துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்குங்கள். துண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். விடிவதற்குள் சட்டை காய்ந்திருக்கும். ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் நனைந்தால் கனக்கும், காயாது, குளிர்காற்றில் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உறைபனி இல்லாத நாளில்கூட மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் கோடையானாலும் மலைப்பாதைக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, தொப்பி, நல்ல மழைச்சட்டை மூன்றும் பையில் இருக்கட்டும். ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பதை நினைவில் வையுங்கள். சாக்ஸ் மட்டும் மூன்று ஜோடி. ஈரமான சாக்ஸைக் காலையில் மாட்டுவதைவிடக் கெட்ட தொடக்கம் இல்லை.

பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள்; காற்றில் பறக்கும், முதுகுப் பக்கம் மூடாது. உள்ளே ஒரு பெரிய, கெட்டியான பிளாஸ்டிக் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடக்கிவிடுங்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் எந்த மழைக்கும் தாங்கும்.

படுக்கை தரும் விடுதிகளில் போர்வை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் தூக்கப்பை வேண்டாம், உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணி உறை மட்டும் போதும். பத்து பேர் தூங்கும் அறையில் காதடைப்பானின் அருமை முதல் இரவே தெரியும். தலையில் மாட்டும் சிறு விளக்கும் வேண்டும்.

நடைக்கோல் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல்வேன், முக்கியமாக இறக்கத்துக்காக. சமதளத்தில் பிடித்து நின்றால் முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும். இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் மேல் விழும் சுமை குறையும். விமானத்தில் போவதானால் அவற்றைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுவது பாதுகாப்பு. கையில் கொண்டுபோகப் பல இடங்களில் விட மாட்டார்கள். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் வர வேண்டும். பத்தாயிரம் எம்ஏஎச் உள்ளது போதும்.

போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஃப்ளைட் மோடில் வைத்து நடந்தால் பேட்டரி அதிக நேரம் நிற்கும். ஆனாலும் ஒரு தாள் வரைபடம் இருக்கட்டும். மழையில் தொடுதிரை சொன்னபடி கேட்காது. பையின் ஸ்ட்ராப்பில் ஒரு விசில் மாட்டுங்கள். மலையில் உதவி கேட்கப் பரவலாக அறிந்த முறை, ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது.

தண்ணீர், மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அடுத்து நிரப்பும் இடம் எவ்வளவு தூரம் என்று பார்த்து எடுத்துச் செல்லுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வம்படியாகக் குடிக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும். வியர்த்துக் கொட்டும் நாளில் உப்புள்ள தீனி ஏதாவது கூடவே சாப்பிடுங்கள். மருந்தில், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, டேப், கட்டுத் துணி, உப்பு-சர்க்கரைப் பொடி, வலி மாத்திரை கொஞ்சம். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவதை வழக்கமாக்காதீர்கள். நிறுத்தச் சொல்லும் வலியை அது மறைத்துவிடும். அதில் சிலவகை, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

முதுகில் சுமக்க முடியாது என்று மருத்துவரோ உங்கள் முதுகோ சொன்னால், பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. பிரபலமான பாதைகளில் பெரிய பையை வண்டியில் அடுத்த விடுதிக்குச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அப்போதும் மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, தண்ணீர், டேப், விசில் எல்லாம் உங்கள் சிறு பையில் இருக்க வேண்டும்; வண்டியில் போகக் கூடாது.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு முழுப் பையோடு அந்த இரண்டு நாள் நடையைக் கடைசியாக ஒரு தடவை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டுங்கள். தொடாத சாமான்களைத் தனியே ஒதுக்குங்கள். அதில் மழைக்கும் குளிருக்கும் காயத்துக்கும் ஆனதைத் திரும்பப் பையில் வையுங்கள், மீதியை அலமாரியில் வையுங்கள். நகத்தைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்; கிளம்பும் அன்று வெட்டினால் கூரான ஓரம் பக்கத்து விரலைக் குத்தும். ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.